கால்நடை வைத்தியருக்கு ஓர் எக்ஸ்ரே யந்திரம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசினோர் உண்டு. சமயம் பேசினோர் உண்டு. ரயில்வே ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கும் என்னை எக்ஸ்ரே யந்திரம் வாங்குவதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். வைத்தியம் அறியேன். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, விற்பவர் அனுப்பும் கொட்டேஷன்களை வரிக்கு வரி படிப்பதே என் பிழைப்பாக இருந்து வருகிறது. அந்த ஒரு தகுதியைக் கொண்டே இங்கு நிற்கிறேன்.

நம் காலனியில் ஓடி விளையாடிய பெண் ஒருவர் இன்று கால்நடை வைத்தியராகி, சிறிய வைத்தியசாலை ஒன்று நடத்தி வருவதை யாவரும் அறிவீர்கள். எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே யந்திரம் ஒன்றை வங்கிக் கடன் பெற்று வாங்க அவர் எண்ணியுள்ளார். அக்கடனுக்கு நம்மில் மூவர் ஜாமீன் கையெழுத்திட இசைந்திருக்கிறோம். ஜாமீன் என்ற சொல் காதில் விழுந்ததும் பல வீடுகளில் பேச்சு எழுந்தது. என்ன யந்திரம், எதற்கு, பணம் மீளுமா, உடம்புக்கு ஆபத்து உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே.

முதற் கேள்வி இது: நம் இஜத்நகரிலேயே இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1889-ஆம் ஆண்டில் புனேயில் பிறந்து, 1893-இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவருக்குப் போய், பின்னர் இங்கும் வேரூன்றிய நிலையம் அது. அதன் வைத்தியசாலையில் பெரிய யந்திரங்கள் இருக்கையில், தனி வைத்தியர் ஒருவருக்குச் சிறிய யந்திரம் எதற்கு?

கால் ஒடிந்த மிருகம் நடந்து வாராது, விடை அவ்வளவே. பரேலியைச் சுற்றிலும் செங்கல் சூளைகள் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் நெருப்பு மூட்டினால், மறுபடி மழை தொடங்கும் வரையில் அவை ஓய்வதில்லை. பச்சைச் செங்கல்லைச் சூளைக்குச் சுமப்பவை மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும். குண்டும் குழியுமான பாதையில் பாரம் இழுத்து அவை நொண்டத் தொடங்குகின்றன. நொண்டும் மிருகத்தை லாரியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவரச் சூளைத் தொழிலாளியிடம் பணம் இராது. ஏற்றினாலும், விரிசல் கண்டிருந்த எலும்பு வழியிலேயே முறிந்துபோகக்கூடும். ஆகவே அவன் கையில் கிடைத்த எண்ணெயைத் தேய்த்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் வண்டியில் பூட்டுகிறான். அந்த வாயில்லாப் பிராணி விழுந்தால் அக்குடும்பத்தின் சம்பாத்தியமும் அதோடு விழுந்தது.

யந்திரம் மிருகத்திடம் செல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த யந்திரம் என்பதே பேச வேண்டியது.

ரயில்வேயில் பெரிய சாமான்கள் வாங்கும்பொழுது 'இரட்டை உறை' என்று ஒரு முறை உண்டு. ஓர் உறையில் பொருளின் தன்மையை எழுதி வைப்பார்கள். மற்றோர் உறையில் விலை. முதல் உறையைப் பிரித்து, நமக்கு வேண்டிய வேலையை இப்பொருள் செய்யுமா என்று பார்த்துத் தேறியவற்றுக்கு மட்டுமே இரண்டாம் உறையைத் திறப்போம். டாக்டரம்மா மூன்று கொட்டேஷன்களை என்னிடம் கொண்டுவந்தபொழுது, விலை எழுதிய பக்கங்களை மடித்துக் குண்டூசி குத்திவிட்டேன். "மாமா, இது வீட்டுக் காரியம்தானே, ஆபீஸ் மாதிரி எதற்கு?" என்று சிரித்தார். "வீட்டுக் காரியம் என்பதால்தான் அம்மா" என்றேன்.

பிறகு ஒரு தாளில், சென்ற சில மாதங்களில் எந்த எந்த மிருகத்துக்கு, உடம்பின் எந்தப் பாகத்துக்குப் படம் தேவைப்பட்டது என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் நாய்கள். இடுப்பு, முன்கால், மார்பு. அடுத்தபடி மட்டக்குதிரையும் கோவேறு கழுதையும். அவற்றுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. எஞ்சியவை எருமைகளும் பசுக்களும்.

இத்தாளைப் பார்த்ததுமே ஒரு விஷயம் தெளிவாயிற்று. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழ் சதை கிடையாது; தோலும் நரம்பும் எலும்புமே. சிறிய யந்திரத்தின் கதிர் அதை எளிதில் ஊடுருவும். குளம்பினுள் உள்ள எலும்பு இடம் பெயர்ந்து இறங்கியிருக்கிறதா, மூட்டில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்பவற்றைக் காட்ட இது போதும். எருமையின் இடுப்பு வேறு. அவ்வளவு கனமான சதையைத் தாண்டிக் கதிர் செல்ல, கட்டடத்தில் நிலையாகப் பொருத்திய பெரிய யந்திரம் வேண்டும். பசு கம்பியையோ ஆணியையோ விழுங்கி, அது இரைப்பையின் முன்னறையைக் குத்தி இருதயத்தை நோக்கி நகரும் வியாதி ஒன்று உண்டு. அந்தக் கம்பியைத் தேடுவதற்கும் பெரிய யந்திரமே வேண்டும். நம் தெருப் பசுக்கள் தின்னும் பிளாஸ்டிக் பையையோ, எவ்வளவு பெரிய யந்திரமும் படத்தில் காட்டாது. கதிரைத் தடுத்து நிழல் விழச் செய்யும் கனம் அதற்கு இல்லை. ரயில் பெட்டியின் அச்சில் விரிசல் உண்டா என்று நம் ஒர்க்ஷாப்பில் கதிரைக் கொண்டா பார்க்கிறார்கள்? காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தியல்லவா பார்க்கிறார்கள்! ஒவ்வொரு குற்றத்தைக் கண்டுபிடிக்கவும் ஒவ்வொரு வழி.

எருமைக்கும் பசுவின் வயிற்றுக்கும் ஆராய்ச்சி நிலையமே கதி என்று முடிவாயிற்று. இனி நாயும் குதிரையும் மட்டுமே. "எல்லாவற்றுக்கும் உபயோகப்படும்" என்று விற்பனையாளர் எழுதியிருந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டோம்.

இப்பொழுது மூன்று கொட்டேஷன்களுக்கு வருகிறேன். ஒன்று, கேமரா போலக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது. மூன்று கிலோ எடை. இரண்டாவது, பதினைந்து கிலோவை எட்டும் யந்திரம். மடக்கக்கூடிய தாங்கியில் நிறுத்தி எடுப்பது. மூன்றாவது, மனிதர்களுக்கான நர்சிங்ஹோம் ஒன்று மூடப்பட்டபொழுது விற்பனைக்கு வந்த பழைய யந்திரம். சக்கரம் வைத்தது, பிலிமில் படம் பதிவது.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியின் மொசைக் தரையில் உருளும் சக்கரம் சூளையின் புழுதியில் உருளாது. பிலிமைக் கழுவ இருட்டறையும் மருந்து நீரும் வேண்டும். படம் சரியாக விழவில்லை என்பது வீடு திரும்பிய பிறகே தெரியும். மறுநாள் மீண்டும் முப்பது மைல் போக வேண்டும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி.

மற்ற இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். கிலோவோல்ட் என்பது கதிரின் ஊடுருவும் வலிமை. மில்லி ஆம்பியர் என்பது ஒரு வினாடியில் வரும் கதிரின் அளவு. விளம்பரத் தாளில் இரண்டின் உச்ச அளவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்குமா என்பதைச் சொல்லமாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் வாய்ப்பாடு போதும். 100 கிலோவோல்ட், 40 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 4 கிலோவாட். அதே தாளின் அடியில் 'சக்தி 2.4 கிலோவாட்' என்று சிறிய எழுத்தில் இருந்தால், 100 கிலோவோல்ட்டில் அந்த யந்திரம் 24 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. கையில் பிடிக்கும் யந்திரத்தின் தாளில் இத்தகைய கணக்கே இருந்தது. பொய் எழுதவில்லை, முழுவதையும் எழுதவில்லை.

மில்லி ஆம்பியர் குறைந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். குறைந்ததற்கு ஈடாக நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒரு படத்துக்கு 2 மில்லி ஆம்பியர்-வினாடி வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ஆம்பியர் தரும் யந்திரம் அதை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் முடித்துவிடும். 20 மட்டும் தருவதற்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மனிதரிடம் 'மூச்சை அடக்கும்' என்று சொல்லலாம். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயிடம் எந்தப் பாஷையில் சொல்வது? அதற்குள் விலா எலும்பு அசைந்து படம் கலங்கிவிடும். இதோடு கையில் பிடித்தவரின் கை நடுக்கமும் சேரும். மூன்று கிலோ என்பது காலையில் லேசு; பத்தாவது மிருகத்திடம் லேசாக இராது.

அடுத்தது படத்தை வாங்கும் தட்டு. பழைய பிலிமின் இடத்தில் இக்காலத்தில் இருப்பது இது. கதிர் பட்ட சில வினாடிகளில் படம் கணினித் திரையில் வந்துவிடும். சரியில்லையென்றால் அங்கேயே இன்னொன்று எடுக்கலாம். கதிர் யந்திரத்தைக் காட்டிலும் தட்டின் விலை கூடுதலாக இருக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அநேகம் தட்டுகளுக்குள் இருப்பது கண்ணாடி. மட்டக்குதிரை ஓர் உதை விட்டால் வங்கிக் கடனில் பாதி அந்த உதையோடு போய்விடும்! ஆதலால் விழுந்தாலும் உதைபட்டாலும் ஈடு தரும் இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னேன். தட்டுக்குக் கெட்டியான உறையும் நீண்ட கைப்பிடியும் விலைக்குள் அடங்குமா என்பதும் கேட்க வேண்டியதே.

தட்டின் அளவில் இருவருக்கும் வெகுநேரம் வாதம் நடந்தது. 14-க்கு 17 அங்குலம் என்பது பெரிய நாயின் மார்பை ஒரே படத்தில் அடக்கும். 10-க்கு 12 அங்குலம் குதிரையின் கால்களுக்கு இடையே சிரமமின்றி நுழையும்; எடையும் குறைவு. வருமானம் நாயால் வருகிறது, ஆகவே பெரியதை வாங்கு என்றேன். டாக்டரம்மா ஒப்பவில்லை. "பெரிய நாய்க்கு இரண்டு படமாக எடுத்துக்கொள்வேன். கால்களுக்கு நடுவே பெரிய பலகையைக் கண்டால் குதிரை மிரளும். மிரண்டால் பிடித்திருப்பவன் நிலை என்ன?" என்று கேட்டார். குதிரையின் குணம் அறிந்தவர் அவர், நான் அடங்கிவிட்டேன்.

உஷ்ணத்தையும் மறக்கலாகாது. பல தட்டுகள் 35 அல்லது 40 டிகிரி வரையில்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று அவற்றின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நம்மூர் மே, ஜூன் மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் சூளைக்கு அருகில்! அம்மாதங்களில் விடியற்காலையில் மட்டுமே வெளி வேலை என்று திட்டமிட்டாயிற்று. மின்சாரமில்லாத இடமாதலால் பாட்டரியில் இயங்குவது அவசியம். எத்தனை படத்துக்குப் பாட்டரி தாங்கும், மாற்றுப் பாட்டரி இந்தியாவில் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார் என்பவற்றையும் கேட்டு எழுதினோம். எங்கள் ஸ்டோர்ஸில் ஓர் உபரி உறுப்புக்காக மாதக்கணக்கில் தூங்கிக் கிடக்கும் யந்திரங்களைப் பார்த்துப் பழகிய கண் இது.

இனி, டாக்டரம்மாவின் தாயார் என் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்விக்கு வருகிறேன். "அண்ணா, கொட்டேஷன் எல்லாம் இருக்கட்டும். இந்தக் கதிர் என் பெண்ணின் உடம்பை ஏதாவது செய்துவிடுமா? யந்திரத்தை வீட்டில் வேறு வைக்கப்போகிறாளாமே!"

வீட்டில் வைப்பதில் அச்சமில்லை. ரேடியத்தைப் போல இது எந்நேரமும் கதிரை வீசுவதன்று. ஸ்விட்சை அழுத்தியிருக்கும் கணம் மட்டுமே கதிர் உண்டு. விட்டவுடன் யந்திரத்திலும் இல்லை. படம் எடுக்கப்பட்ட நாயின் உடம்பிலும் தங்குவதில்லை. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிஞ்சுவதில்லையே, அதுபோல.

ஆனால் அந்தக் கணத்தை அலட்சியம் செய்யலாகாது. ஜெர்மானியரான ராண்ட்ஜன் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் இக்கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகள் உலகமே அதை வேடிக்கைப் பொருளாக எண்ணிக் கையாண்டது. அமெரிக்காவில் எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் தம் கையையே கதிரில் நீட்டி நீட்டிச் சோதித்தார். கைகள் புண்ணாகி, வெட்டி எடுக்கப்பட்டு, 1904-இல் மாண்டார். இவ்வாறு கதிருக்குப் பலியானோர் நினைவாக 1936-இல் ஹாம்பர்க் நகரில் தூண் ஒன்று நிறுவி, 169 பெயர்களைப் பொறித்தார்கள். அப்பெயர்களில் பெரும்பாலானவை வைத்தியர்களுடையவையும் அவர்களுடைய உதவியாளர்களுடையவையுமே.

இக்காலத்தில் ஆபத்து நேர்க் கதிரால் வருவது குறைவு. அது மிருகத்தின் உடம்பில் பட்டு எட்டுத் திசையிலும் சிதறுகிறதே, அந்தச் சிதறலே பக்கத்தில் நிற்பவரைத் தாக்குவது. அதற்கு மருந்து தூரம். ஓரடியை மூன்றடியாக்கினால் கதிர் மூன்றில் ஒன்றாக அன்று, ஒன்பதில் ஒன்றாகக் குறையும். ஈயக் கவசம் சிதறலைத் தாங்கும். நேர்க் கதிருக்கு முன் கையை நீட்டினால் ஈயக் கையுறை மட்டும் காப்பாற்றாது. கவசத்தை வேட்டி போல மடித்து வைக்கவும் கூடாது. உள்ளே ஈயம் விரிந்துவிடும். மாட்டித் தொங்கவிட வேண்டும்.

கையில் பிடிக்கும் யந்திரத்தை நான் விலக்கியதற்கு இதுவே முதற் காரணம். அதைப் பிடிப்பவர் மிருகத்தை ஒட்டியே நின்றாக வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும், ஆயுள் முழுவதும். தாங்கியில் நிற்கும் யந்திரத்தின் ஸ்விட்சோ நீண்ட கயிற்றில் வருகிறது. குறி வைத்துவிட்டு வைத்தியர் எட்டிப் போய் அழுத்தலாம்.

வைத்தியர் எட்டிப் போவார். மிருகத்தைப் பிடித்திருப்பவன் எங்கே போவான்? கொட்டேஷன் எதிலும் காணாத ஆள் அவன். ஆஸ்பத்திரியில் பழகிய சிப்பந்தி இருப்பார். சூளையில் கயிற்றைப் பிடிப்பவன் யார் தெரியுமா? அநேகமாக அந்தக் குடும்பத்துப் பையன், பன்னிரண்டு பதின்மூன்று வயதினன். அவன் இல்லாவிட்டால் அவனுடைய தாய். அவள் கர்ப்பிணியா இல்லையா என்று கேட்பார் இல்லை. தட்டையும் அவன் கையிலேயே கொடுத்து 'அசையாமல் பிடி' என்று சொல்லும் வழக்கமும் உண்டாம்.

இது கூடாது என்பதில் டாக்டரம்மா என்னினும் உறுதியாக இருக்கிறார். பதினெட்டு வயது நிரம்பாதவரும் கர்ப்பிணிகளும் கயிற்றைத் தொடலாகாது. தட்டை நீண்ட கைப்பிடியாலோ தரையில் நிற்கும் சட்டத்தாலோ மட்டுமே நிறுத்துவது. முடிந்த இடத்தில் எல்லாம் மயக்க ஊசி போட்டு, கயிற்றை நீளமாக விட்டுப் பிடிக்கச் செய்வது. கதிரின் அகலத்தை எலும்பின் அளவுக்குக் குறுக்கிக் காட்டும் விளக்குப் பெட்டி யந்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். கவசம் இரண்டு என்று கொட்டேஷனில் இருந்தது. மூன்று என்று திருத்தினோம். மூன்றாவது அந்தக் கயிறு பிடிப்பவனுக்கு. எடை கூடிற்று, விலையும் சிறிது கூடிற்று. ஜாமீன் கையெழுத்திடும் மூவரும் அதற்குச் சம்மதித்தோம்.

சர்க்கார் விதி என்ன என்று தலைவர் கேட்கச் சொன்னார். 1983-இல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்பது மும்பையில் இருக்கிறது. யந்திரத்தின் மாதிரி அவ்வாரியத்தின் ஒப்புதல் பெற்றதா என்று விற்பவரிடம் தாளைக் கேட்க வேண்டும். வாங்குபவரும் வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். மனுவை இணையவழியே அனுப்பலாம். இத்தொழிலில் இருப்பவர் கவசத்துக்கு உள்ளே மார்பில் சிறிய பட்டை ஒன்றை அணிவார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதித்து, எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குச் சொல்வார்கள். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐ மீறலாகாது. பொதுமக்களுக்கோ ஆண்டுக்கு 1 மட்டுமே. கயிறு பிடிக்கும் பையனுக்குப் பட்டையும் கிடையாது, கணக்கும் கிடையாது. தாயார் அவர்களே, உங்கள் பெண்ணுக்கு இந்தப் பட்டை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் காகிதத்தை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குண்டூசியை எடுத்து விலைப் பக்கங்களைப் பிரித்தபொழுது, தாங்கி யந்திரம் மற்ற இரண்டைவிடவும் கூடுதல் விலையாக இருந்தது. எவ்வளவு என்பதை ஜாமீன்தாரர்களிடம் சொல்லியாயிற்று. மேடையில் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதத்தில் எத்தனை படம் எடுத்தால் தவணை கட்டலாம் என்று கணக்கிட்டோம். நாய்களை மட்டும் நம்பினாலே தவணை தட்டாது என்று தெரிந்தது. சூளை மிருகங்களுக்கு எவ்வளவு வாங்குவது என்பது டாக்டரம்மாவின் மனத்தைப் பொறுத்தது.

இன்னும் பணம் கொடுக்கவில்லை. யந்திரத்தைச் சூளைக்கே கொண்டுவந்து, நம் கண் முன் ஒரு நொண்டி மட்டக்குதிரையின் காலை நேராகவும் பக்கவாட்டிலுமாக இரண்டு படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று விற்பவருக்கு எழுதியிருக்கிறோம். ஆபீஸ் மேஜையின் மேல் காட்டும் படம் எங்களுக்கு வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினேன். மெல்லிய விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல், பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுக்கும் படத்திலேயே தெரிவதும் உண்டாம். ஆகையால் அதே குதிரையை மறுமுறையும் படம் எடுக்க வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பார்க்க விரும்பும் அன்பர்கள் ஐந்தரை மணிக்குள் காலனி வாயிலில் கூடினால் ஜீப்பில் இடம் உண்டு. குழந்தைகளை மட்டும் அழைத்து வர வேண்டாம். கயிற்றை அன்று நான் பிடிக்கிறேன்; மூன்றாவது கவசம் எனக்கு.